நிதானம் எழுதிக்கொண்டிருக்கிறார்

குளிர்பெட்டி மெக்கானிக்குக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது ஒரு மஞ்சள் பட்டை. வீட்டுச் சாமான்களின் பழுதைப் பற்றிப் பலரும் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்றில் அவர் உறுப்பினர். அங்கே ஒருவர் கேள்வி கேட்பார், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் முந்திக்கொண்டு பதில் போட்டுவிட்டால், எழுதுகிற கட்டத்துக்கு மேலே மஞ்சளாக ஒரு பட்டை வந்து நிற்கும். 'நீங்கள் எழுதத் தொடங்கியபின் புதிய பதில் வந்திருக்கிறது' என்று சொல்லும். அதன் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'பார்த்துவிட்டு எழுது'. மற்றது 'அப்படியே பதிவிடு'.

மன்றத்தில் மற்றவர்கள் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் அமுக்குவார்கள். நாலு பேர் ஒரே பதிலை நாலு விதமாகப் போட்டுக் கேள்வி கேட்டவரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பார்கள். நம் மெக்கானிக் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் அவருக்கு வாய்த்த மனைவி பேசி முடிக்கிற ரகம் இல்லை என்பதால், வீட்டில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. இன்னொரு கொள்கையும் உண்டு. ஒருவர் சொன்னதையே இன்னொருவர் திருப்பிச் சொல்வது அவருக்கு அறவே பிடிக்காது. அதனால் மஞ்சள் பட்டை வந்ததும் 'பார்த்துவிட்டு எழுது' என்பதை அமுக்கி, வந்த பதிலை வரி விடாமல் படித்து, அந்த ஆள் சொல்லிவிட்ட சங்கதிகளைத் தன் எழுத்திலிருந்து அழித்துவிட்டு, மிச்சத்தை ஒழுங்குபடுத்துவார். ஒற்றை விரலால் தட்டுகிற மனிதர் அவர். ஒழுங்குபடுத்தி முடிப்பதற்குள் அடுத்த பட்டை வந்து நிற்கும்.

இப்படி ஆற அமரப் படித்து, திருத்தித் திருத்தி எழுதியதில், மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் போட்ட பதிவுகளின் எண்ணிக்கை பூச்சியம். அதற்காக அவரை யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். யாராவது பதில் எழுதிக்கொண்டிருந்தால் பக்கத்தின் அடியில் அவர் பெயரைப் போட்டு 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று காட்டுவது அந்த மன்றத்தின் வழக்கம். மெக்கானிக் வைத்துக்கொண்ட பெயர் 'நிதானம்'. குளிர்பெட்டியைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் அடியில் 'நிதானம் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வரும். மணிக்கணக்கில் நிற்கும். பிறகு போய்விடும். அவர் மனிதரா, மன்றத்தின் கோளாறா என்று ஒருமுறை பெரிய விவாதமே நடந்தது. அந்த விவாதத்துக்கும் அவர் பதில் எழுதத் தொடங்கினார், போட்டு முடிக்கவில்லை.

கடை என்றால் நீளமான ஓர் அறை. சுவரோரமாகக் கதவு கழற்றிய பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நடுவில் வேலை மேசை. அதன்மேல் வளைத்துப் போட்ட தாமிரக் குழாய், பற்றவைக்கிற விளக்கு, எண்ணெய் படிந்த துணி. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் கணினியும் தொலைபேசியும். கணினி அவருக்கு, தொலைபேசி மனைவிக்கு. மணி அடித்த மறு நொடி அவள் எடுத்துவிடுவாள். "பெட்டி சத்தம் போடுதா, சில்லுனு ஆகலையா, தண்ணி ஒழுகுதா" என்று மூன்று கேள்வியில் ஆளைப் பிடித்து, வீட்டு விலாசத்தையும் வாங்கிவிடுவாள். அவள் மட்டும் இல்லையென்றால் கடை எப்போதோ மூடியிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் அதை வாய்விட்டும் சொல்வாள்.

அன்று காலை கடை திறந்ததும் வழக்கம்போல மன்றத்தைப் பார்த்தார். 'புதுக்குடித்தனம்' என்ற பெயரில் யாரோ புதிதாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். 'குளிர்பெட்டிக்குள்ளே காய்கறி இழுப்பறைக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்குகிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?' கூடவே ஒரு படம். மெக்கானிக் படத்தைப் பெரிதாக்கினார். வெள்ளை இழுப்பறை. அதற்குப் பச்சைக் கைப்பிடி.

அந்தக் கைப்பிடியை அறுத்து, உரசி, திருகாணி போட்டு மாட்டியது அவர் கை. இந்த உலகத்தில் வெள்ளை இழுப்பறைக்குப் பச்சைக் கைப்பிடி வைத்த பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது வேலை கிடைத்து வேறு ஊருக்குக் குடிபோன அவர் மகள் வீட்டில் இருக்கிறது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

அவர் திரையைக் காட்டினார். அவளும் கைப்பிடியைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"நம்ம பாப்பாவா?"

"நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்," என்றார் அவர். "எத்தனையோ வருஷமா இதே வேலை. ஊர்ல இருக்கிற பெட்டியெல்லாம் என்கிட்ட வருது. பெத்த பொண்ணு முன்னபின்ன தெரியாதவங்ககிட்டப் போய்க் கேக்குறா."

அவருக்கு இது நீண்ட பேச்சு. மனைவி வாயடைத்துப்போனாள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது நடக்கவில்லை.

"உங்ககிட்டக் கேட்டா பதில் வர்றதுக்குள்ள உள்ள இருக்கிற பால் தயிராயிடும்னு நெனச்சிருப்பா. இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க? இருங்க, ஃபோன் போட்டுத் தரேன்."

"வேணாம்," என்றார். "நான் இதுல இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. வேவு பாக்குறேன்னு நெனப்பா. அவ இங்கதான கேட்டா? இங்கயே பதில் சொல்றேன்."

"நீங்க?"

"நான்தான்."

மனைவி பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த வேடிக்கையைப் பார்க்காமல் எங்கே போவாள்.

அவருக்கு உள்ளூர வலித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டி சும்மா ஒரு பெட்டி இல்லை. ஒரு பெட்டியின் உடம்பையும் இன்னொரு பெட்டியின் மோட்டாரையும் சேர்த்து, மகளுக்காகவே அவர் உட்கார்ந்து உருவாக்கியது. லாரியில் ஏற்றும்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரிப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு ஒன்று என்றால் முதலில் தன்னிடம் வராமல், பெயர் தெரியாத கூட்டத்திடம் போனதை அவரால் தாங்க முடியவில்லை. இந்த ஒரு தடவையாவது தன் பதில்தான் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்தார். தன்னுடையதைத்தான் அவள் படிக்க வேண்டும், தன்னுடையதுதான் உதவ வேண்டும்.

எழுதத் தொடங்கினார். பின்சுவரின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், பனி உருகுகிற தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும், அது அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றினால் திறந்துகொள்ளும். கூரான கம்பி எதையும் விட்டுக் குத்தக் கூடாது. வேலை தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். காய்கறியைப் பின்சுவரில் ஒட்டி அடுக்கக் கூடாது. கதவின் ரப்பர் சரியாக ஒட்டுகிறதா என்று ஒரு காகிதத் துண்டை வைத்து மூடிப் பார்க்க வேண்டும். பெட்டி ஒரு நூலளவு பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, மேலே 'வணக்கம்' என்று போட்டு அழகாக எழுதினார். நியாயமாகப் பார்த்தால் அது ஒரு நல்ல பதில். முடிக்கப் போகும்போதே மஞ்சள் பட்டை வந்துவிட்டது.

'உறைபனி' என்ற உறுப்பினர் பதில் போட்டிருந்தார். எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாக ஓடி வருகிற முந்திரிக்கொட்டை அவர். 'துளை அடைத்திருக்கும். வெந்நீர் விடுங்கள். கம்பி விடாதீர்கள்.' அவ்வளவுதான். ஆனால் சரியாகச் சொல்லியிருந்தார்.

"அப்படியே போடுங்க," என்றாள் மனைவி.

"அவர்தான் சொல்லிட்டாரே."

"சொன்னா என்ன? அவ உங்க பொண்ணு."

"அது அவருக்குத் தெரியாதே," என்று சொல்லிவிட்டு, துளையையும் வெந்நீரையும் கம்பியையும் அழித்தார்.

மிச்சத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போது ரொட்டிக்கடைக்காரர் வந்துவிட்டார். அவர் கடையின் பெரிய உறைபெட்டி இரவெல்லாம் முனகுகிறதாம். எப்படி முனகுகிறது என்று அவரே முனகிக் காட்டினார். நடுவில் நிறுத்தினால் மரியாதையில்லை என்று மெக்கானிக் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். முனகலில் மூன்று வகை இருந்தது. அவர் போய்த் தொலைந்ததும் திரும்பிப் பார்த்தால், பட்டை மேல் பட்டை. 'கதவு ரப்பரைக் காகிதம் வைத்துப் பாருங்கள்' என்று ஓர் அம்மாள். 'பின்சுவரில் எதையும் ஒட்டி வைக்காதீர்கள்' என்று இன்னொருவர். மெக்கானிக் ரப்பரை அழித்தார். காய்கறியையும் அழித்தார்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. இந்தத் தடவை நீல நிறத்தில் ஒரு பட்டை வந்தது. நீலப் பட்டை வந்தால் கேள்வியே மாறிவிட்டது என்று அர்த்தம். மகள் தன் கேள்வியைத் திருத்தி, 'பின்பக்கம் கடகடவென்று சத்தமும் வருகிறது' என்று சேர்த்து, பெட்டியின் முதுகைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள்.

"பாத்தியா, முழுசா சொல்லாமயே கேட்டிருக்கா," என்றார் அவர். உன் பிள்ளைதானே என்கிற மாதிரி மனைவியைப் பார்த்தார். மனைவி அதைக் கண்டுகொள்ளவில்லை.

சத்தத்துக்கு என்ன காரணம் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். மோட்டாரின்மேல் தண்ணீர் விழுகிற தட்டு லாரியில் ஆடி ஆடிக் கழன்றிருக்கும். அழுத்தி விட்டால் போதும். அதை எழுத ஆரம்பித்தார். 'தட்டு' வரைக்கும் தட்டுவதற்குள் மஞ்சள் பட்டை. 'கம்ப்ரசர் கில்லாடி' என்று ஒருவர், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிற ஆள். 'தட்டு கழன்றிருக்கு, அமுக்கி விடுங்க. பெட்டியையும் கொஞ்சம் பின்பக்கம் சாய்ச்சு வையுங்க. ஆனா ஒண்ணு. படத்தைப் பார்த்தா இது ஒரிஜினல் பெட்டியே இல்லை. உடம்பு ஒரு கம்பெனி, மோட்டார் வேற கம்பெனி. எவனோ ரெண்டு செத்த பெட்டியை வெட்டி ஒட்டி உங்க தலையில கட்டியிருக்கான். இதை வாங்கினதுக்குப் பதிலா உங்க வீட்டுக்குப் பக்கத்துல நல்ல மெக்கானிக்கா பாத்துக் கேட்டிருக்கலாம்.'

மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாருங்க இவன்? தலையில கட்டுறதாமே. அவன் விலாசம் என்ன?"

மெக்கானிக் பதறவில்லை. மறுபடி ஒருமுறை படித்தார். "ரெண்டு பெட்டிதான், அவர் சொல்றது சரி," என்றார். "நல்லாதான் பாத்திருக்கார்." சொல்லிவிட்டுத் தட்டையும் சாய்வையும் அழித்தார். ஆனால் அழிக்கிற விரல் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது. செத்த பெட்டி என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது.

இப்போது எழுதும் கட்டத்தில் இருந்தது 'வணக்கம்', பிறகு 'வேலை தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்'. அவ்வளவுதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. ஒன்றாவது மிஞ்சியதே என்று அதையே பதிவிடக் கையைக் கொண்டுபோனார். நீலப் பட்டை மறுபடி வந்தது.

மகள் கேள்வியின் அடியில் புதிதாகச் சேர்த்திருந்தாள். மெக்கானிக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'பெட்டியைத் தந்தவரைப் பற்றி யாரும் தப்பாகப் பேச வேண்டாம். அதை என் தலையில் யாரும் கட்டவில்லை. எங்கப்பா தன் கையால் செய்து கொடுத்தது. அவரும் மெக்கானிக்தான், நீங்கள் சொல்கிற நல்ல மெக்கானிக் அவர்தான். அப்படியென்றால் அவரிடமே கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பேசும்போதெல்லாம் அவர் கேட்கிற ஒரே கேள்வி, பெட்டி எப்படிம்மா ஓடுது என்பதுதான். நல்லா ஓடுதுப்பா என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். இப்போது தண்ணீர் தேங்குகிறது என்று சொன்னால் மனசு ஒடிந்துபோவார். அவருக்குத் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்றுதான் இங்கே வந்தேன்.'

மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"கேட்டீங்களா? உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. நீங்க நொந்துபோயிடுவீங்கன்னு பயந்திருக்கா."

"ம்."

"ஆமா, ஒரு பொண்ணு ஊர் விட்டு ஊர் போய்த் தனியா இருக்கா. அவகிட்டப் பேசுறப்பெல்லாம் பெட்டியையா விசாரிப்பாங்க?"

பெட்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டால், உள்ளே பால் இருக்கிறதா, காய்கறி இருக்கிறதா, சமைக்கிறாளா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று அத்தனையையும் கேட்டது மாதிரி என்று மெக்கானிக் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது பெட்டியைப் பற்றிய கேள்வியாக மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதிலும் பெட்டியைப் பற்றியே வந்திருக்கிறது, அதுவும் பொய்யாக. மகள் அவ்வளவு நாளும் தன்னிடம் பொய் சொன்னதைவிட, பொய் சொல்ல வைத்தது தன் கேள்விதான் என்பது அவரைக் குத்தியது.

மஞ்சள் பட்டை வந்தது. யாரோ புண்ணியவான், 'எது செய்வதாக இருந்தாலும் முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

மெக்கானிக் அதையும் அழித்தார். கட்டத்தில் 'வணக்கம்' மட்டும் நின்றது. பெற்ற மகளுக்கு எதற்கு வணக்கம் என்று தோன்றியது. அதையும் அழித்தார்.

ஆக, அவருக்குத் தெரிந்த அத்தனையையும் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு தப்பும் இல்லாமல், ஒன்றையும் விடாமல் சொல்லியிருந்தார்கள். பெட்டியைப் பற்றி இனி அவர் சொல்வதற்கு ஒரு வார்த்தை மிச்சமில்லை. வெறும் கட்டத்தில் கோடு மட்டும் மினுக்மினுக்கென்று நின்றுகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தும், என்ன தோன்றியதோ, வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவர் ஒற்றை விரலால் எழுதினார்.

'பெட்டி கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்மா. அதுக்கெல்லாம் எனக்கு மனசு ஒடியாது. நீ எப்படி இருக்கே?'

எழுதி முடித்துக் கையை எடுப்பதற்குள் மஞ்சள் பட்டை வந்தது. ஒன்றல்ல, இரண்டு புதிய பதில்களாம். மெக்கானிக்கின் கை பழக்கதோஷத்தில் 'பார்த்துவிட்டு எழுது' பக்கம் போனது. கை அங்கேயே கொஞ்சம் தயங்கியது. இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். யார் கேட்டிருந்தாலும் இதை அழிக்க முடியாது என்றும் தோன்றியிருக்கலாம். அந்த இரண்டு பதில்களையும் பார்க்காமல் 'அப்படியே பதிவிடு' என்பதை அமுக்கினார்.

பதிவு போய்விட்டது. அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பூச்சியம் ஒன்றாக மாறியது.

மன்றம் இதற்கு நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். மகளின் கேள்வியை எல்லோரும் மறந்தே போனார்கள். 'நிதானம் எழுதி முடித்துவிட்டார்' என்று உறைபனி போட்டார். 'கண்ணால் பார்த்தேன், இருந்தும் நம்ப முடியவில்லை' என்று அந்த ரப்பர் அம்மாள் போட்டார். 'இவர் மனிதர்தான், நான் அன்றைக்கே சொன்னேன்' என்று இன்னொருவர் பழைய விவாதத்தைத் தோண்டினார். ஒருவர் பலூன் படம் போட்டார். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் படிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. படித்ததும் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

கம்ப்ரசர் கில்லாடிதான் முதலில் புரிந்துகொண்டார். 'ஐயா, அந்தப் பெட்டி செஞ்சவர் நீங்களா? நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க. ஆனா உண்மையைச் சொல்றேன், ஒட்டின இடம் எங்கேன்னு படத்தைப் பெருசாக்கித் தேடினேன், கிடைக்கல. எப்படிச் செஞ்சீங்க?'

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. ஒட்டிய இடம் எங்கே என்று சொல்ல விரல் துடித்தது.

"அது அப்புறம்," என்றாள் மனைவி. "பொறுங்க."

ஏனென்றால், பக்கத்தின் அடியில் 'புதுக்குடித்தனம் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்திருந்தது. அது நிற்கும், மறையும், மறுபடி வரும். அப்பாவைக் கொண்டு பிறந்தவள் என்று அப்போதுதான் மனைவிக்கே உறைத்தது.

முதலில் வந்தது எழுத்து இல்லை. கேள்வி கேட்டவர் தனக்கு உதவிய பதிலுக்குப் பக்கத்தில் 'இதுவே தீர்வு' என்று ஒரு பச்சைக் குறி போடலாம். அந்தக் குறி மெக்கானிக்கின் பதிவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. துளையைச் சொன்ன உறைபனிக்கு இல்லை, தட்டைச் சொன்ன கில்லாடிக்கு இல்லை. தண்ணீர் என்ற சொல்லே இல்லாத ஒரு பதிலுக்கு, தண்ணீர் தேங்குவதற்கான தீர்வு என்று பச்சைக் குறி. மன்றத்தின் விதிகளைக் கரைத்துக் குடித்த யாரோ ஒருவர், 'இதில் தீர்வு எதுவும் இல்லையே, குறி தவறாக விழுந்துவிட்டதா?' என்று கேட்டார்.

பிறகு அவள் எழுதியது வந்தது.

'அடைப்புத் திறந்து தண்ணீர் வெளியே போய்விட்டது, எல்லோருக்கும் நன்றி. அப்பா, நீங்க கேட்டதுக்குப் பதில். அவ்வளவு நல்லா இல்லப்பா. வேலை பரவாயில்லை. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பேச ஆளில்லை. பெட்டி கடகடன்னு சத்தம் போட்டப்ப, யாரோ கூட இருக்கிற மாதிரி இருந்தது. அதான் சரி பண்றதுக்கே இத்தனை நாள் ஆக்கிட்டேன்.'

அடியில் 'உறைபனி எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. உடனே மறைந்தது. அதற்குப் பிறகு யாருடைய பெயரும் வரவில்லை. எந்தக் கேள்விக்கும் முண்டியடித்துக்கொண்டு ஓடி வருகிற அந்தக் கூட்டம், ஓர் அப்பாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

மெக்கானிக் விசைப்பலகையைத் தொடவில்லை. மனைவியின் பக்கம் இருந்த தொலைபேசியை எட்டி எடுத்தார். அந்தத் தொலைபேசியை அவராக எடுத்து யாரும் பார்த்ததில்லை; ஞாயிற்றுக்கிழமைகூட மனைவிதான் எண்ணைப் போட்டுக் கொடுப்பாள். அவளுடைய கை பாதி வழியில் நின்றுவிட்டது. எண்ணை அவர் மனப்பாடமாக வைத்திருந்தது அவளுக்கு இன்னொரு ஆச்சரியம்.

"பாப்பா," என்றார்.

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று கேட்டது. பிறகு பேச்சு வந்தது. மடை திறந்த மாதிரி வந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி இவளைத் தவிர எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடுகிறாளாம். வீட்டுக்காரர் படியேறும்போது செருப்புச் சத்தம் வரக் கூடாது என்கிறாராம். எதிர்வீட்டு நாய் மட்டும்தான் இவளைப் பார்த்தால் வாலாட்டுகிறதாம், அதுவும் ரொட்டி கையில் இருந்தால்தானாம். போன வாரம் பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே கேக் வாங்கி, அதைத் தேங்கிய தண்ணீரில் நனைய விட்டுவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனைவி காதைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "அந்த இருக்கைக்காரிய நான் ஒரு வார்த்தை கேக்குறேன், குடுங்க," என்று சைகை காட்டினாள். மெக்கானிக் தோளைத் திருப்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மனைவி எழுந்து போய் அவரிடம் பெட்டி சத்தம் போடுகிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா என்று விசாரித்து, விலாசத்தையும் வாங்கி, அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் நடுவில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை, யோசனை சொல்லவில்லை, வந்துவிடு என்றும் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படிக் கேட்கிற ஓர் ஆள் வாய்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, இத்தனை வருஷமாக அவரிடம் பேசிக்கொண்டே இருந்த மனைவிக்கு அப்போது தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பேச்சு நடுவில் நின்றது. இவ்வளவு நேரம் தான் மட்டுமே பேசிக்கொண்டிருந்ததாக மகளுக்குத் தோன்றியிருக்கும்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றார். "நீ சொல்லு."